ஜீரோவுக்கு என்ன நிறம்? ஜப்பானியப் போர்விமான மாடல்களுக்கு ஆதாரம் தேடுவது எப்படி

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ போர்விமானத்துக்கு பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றை வாங்கினால், பாகங்களை வெட்டி ஒட்டுவதில் பெரிய சிக்கல் வராது. சிக்கல் தொடங்குவது பெயின்ட் அலமாரி முன்னால் போய் நிற்கும்போதுதான். டாமியா பெயின்ட் வரிசையில் ஜப்பானியக் கடற்படைச் சாம்பல் என்று எக்ஸ்எஃப்-12 இருக்கிறது. சாம்பல் பச்சை என்று எக்ஸ்எஃப்-76 இருக்கிறது. மிஸ்டர் கலர் வரிசைக்குப் போனால் மிட்சுபிஷி சாம்பல் 35, நகாஜிமா சாம்பல் 56, அப்புறம் சாம்பல் பச்சை 128. எல்லாவற்றையும் ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் வரிசையாக அடித்துப் பாருங்கள், ஒன்றுகூட இன்னொன்றைப் போல இருக்காது. பழைய கிட் பெட்டிகளின் ஓவியத்தில் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்த அதே விமானம், இப்போது வரும் பெட்டிகளில் மங்கிய மஞ்சள் பச்சைச் சாயலோடு இருக்கிறது. விமானம் மாறவில்லை. அதைப் பற்றி நமக்குக் கிடைத்த ஆதாரம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் முதலில் கேட்பது "ஜீரோவுக்கு என்ன நிறம்?" என்பதுதான். இரண்டாவதாக "அந்தப் பெரிய விமானி ஓட்டிய ஜீரோவுக்கு என்ன எண்?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நேரடியாகப் பதில் தேடிப் போனால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். எந்தத் தொழிற்சாலையில், எந்த மாதவாக்கில் செய்த விமானம், அப்போது எந்தப் பிரிவின் கையில் இருந்தது என்று ஆரம்பித்தால் பாதி விடை தானாகவே விழுந்துவிடும். விமானியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜப்பான் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு தடுமாற்றம்? பிரிட்டன், அமெரிக்க விமானங்களுக்கு உத்தரவுகள், பெயின்ட் கம்பெனிகளின் பதிவுகள், வண்ணப் படங்கள் எல்லாம் ஓரளவு தப்பியிருக்கின்றன. ஜப்பானில் 1945 ஆகஸ்டில் சரணடைய முடிவானதற்கும் அமெரிக்கப் படை வந்து இறங்கியதற்கும் இடையில் கிடைத்த இரண்டு வார அவகாசத்தில் ராணுவமும் கடற்படையும் ஆவணங்களை மலைமலையாக எரித்தன. மிச்சமிருந்த விமானங்களைப் பிற்பாடு அமெரிக்கர்கள் உடைத்தும் எரித்தும் தீர்த்தார்கள். அப்படியும் சில தப்பின. கடற்படையின் நிற அட்டைத் தொகுப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. கடற்படைப் பிரிவுகளும் கப்பல்களும் ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் எழுதிவைத்த நடவடிக்கை அறிக்கைகள் கணிசமாகத் தப்பியிருக்கின்றன. டோக்கியோவில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கும் இவற்றில் பெரும்பகுதியை, 2001-ல் தொடங்கிய ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கான ஜப்பான் மையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். கையெழுத்து ஜப்பானியம் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சரி, தொழிற்சாலையில் இருந்து தொடங்குவோம். ஜீரோவை வடிவமைத்தது மிட்சுபிஷி, ஹோரிகோஷி ஜிரோவின் குழு. ஆனால் மொத்தம் செய்யப்பட்ட பத்தாயிரத்துச் சொச்சம் ஜீரோக்களில் பாதிக்கு மேல் செய்தது போட்டிக் கம்பெனியான நகாஜிமா. வரைபடம் ஒன்றுதான் என்றாலும் பெயின்ட் அடிக்கும் பழக்கம் இரண்டு இடத்திலும் வேறு. மிட்சுபிஷி செய்த ஏ6எம்2 என்ற ஆரம்பகால ஜீரோ ரகத்தில் உடற்பகுதியின் சிவப்பு வட்டம், அதாவது ஹினோமாரு, வெள்ளை விளிம்பு இல்லாமல் நேராகச் சாம்பல் மேல் இருக்கும். நகாஜிமா செய்ததில் அந்த வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டுத்தான் வெளியே அனுப்பினார்கள். நகாஜிமாவின் முதல் ஜீரோக்கள் வந்ததே 1941 நவம்பரில். டிசம்பரில் பேர்ல் துறைமுகத்துக்குக் கப்பலேறிப் போனவை மிட்சுபிஷி செய்தவை. ஆகவே பேர்ல் துறைமுகத் தாக்குதல் என்று எழுதிவைத்த மாடலின் உடலில் வெள்ளை வளையம் தெரிந்தால், மேற்கொண்டு எதையும் பார்க்காமலே அது தப்பு என்று சொல்லிவிடலாம்.

1943 நடுவில் தொழிற்சாலையிலேயே மேல்பக்கம் கரும்பச்சை அடிக்க ஆரம்பித்த பிறகு இன்னொரு அடையாளம் கிடைக்கிறது. பச்சையும் சாம்பலும் சந்திக்கும் கோடு மிட்சுபிஷி விமானத்தில் இறக்கையின் பின்முனையில் இருந்து ஏறக்குறைய நேராக வால்முனை வரை ஓடும். நகாஜிமாவில் அதே கோடு வளைந்து மேலேறிப் பின்சிறகின் முன்விளிம்பில் போய் முட்டும். தூரத்தில் எடுத்த மங்கலான படத்தில்கூட இது தெரியும். என்ஜின் மூடியில் மிட்சுபிஷி அடித்தது நீலம் கலந்த கறுப்பு. நகாஜிமா அடித்தது அதைவிடச் சுத்தக் கறுப்பு. விமானியறை உள்நிறம்கூட இரண்டு கம்பெனிக்கும் வேறு. அதனால்தான் மிஸ்டர் கலரில் 126, 127 என்று இரண்டு டப்பா. சக்கரம் மடங்கும் குழியைப் பொதுவாக மிட்சுபிஷி வெளிநிறத்திலேயே விட்டது. நகாஜிமா அங்கே துரு தடுக்கும் நீலப் பச்சை வார்னிஷ் அடித்தது. அலுமினியத்தின் மினுமினுப்பு உள்ளே இருந்து தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு அது. சாதாரண பச்சையை அங்கே மொத்தமாக அடித்துவிட்டால் எவ்வளவு சிரத்தையாகச் செய்த மாடலும் கெட்டுப்போகும்.

பெயின்ட் உரிந்திருப்பதைக் காட்டுவதிலும் இதே கணக்குதான். ஜப்பானிய விமானம் என்றாலே வெள்ளிப்பொட்டுகளாக உரித்துவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெறும் அலுமினியத்தின் மேல் களத்திலேயே பச்சை அடித்த ராணுவ விமானங்கள் பலவும் நிஜமாகவே அப்படி உரிந்தன, படங்கள் சாட்சி. மிட்சுபிஷி ஜீரோவுக்கோ அடியில் செம்பழுப்புப் பிரைமர் உண்டு. அதன் பூச்சு நன்றாகவே பிடித்து நின்றது. கப்பலில் இருந்த 1941 ஜீரோவைக் குஷ்டம் பிடித்த மாதிரி உரிப்பவர்கள் இன்னொரு விமானத்தின் சரித்திரத்தை இதன் மேல் ஒட்டுகிறார்கள்.

இனி, எல்லோரும் அடித்துக்கொள்ளும் அந்தச் சாம்பல். போர் முடிந்து பல வருஷம் வரை ஜீரோவுக்கு வெளிர் சாம்பல் என்றுதான் எழுதினார்கள். விழுந்த விமானங்களைப் பார்த்த நேசநாட்டு அதிகாரிகளும் பெரும்பாலும் அப்படித்தான் குறித்திருந்தார்கள். பிறகு யோகோசுகாவில் இருந்த கடற்படை விமானத் தொழில்நுட்பக் கூடம் 1942 பிப்ரவரியில் தயாரித்த 0266 எண் அறிக்கை ஆய்வாளர்கள் கையில் கிடைத்தது. ஜீரோவுக்கு எப்படி உருமறைப்பு நிறம் அடிக்கலாம் என்று பரிசோதித்த அறிக்கை. அதில் போகிற போக்கில், தற்போது அடிக்கப்படும் நிறம் கடற்படை நிற அட்டையின் ஜே3 சாம்பல்தான், கொஞ்சம் பாகுநிறத்தின் பக்கம் சாய்ந்தது என்று ஒரு வரி வருகிறது. சாம்பல் பெயின்டில் சில சொட்டு வெல்லப்பாகு விட்டுக் கலக்கியது போல என்று வைத்துக்கொள்ளலாம். தீவுகளில் கிடந்த சிதைவுகளில் இருந்தும், போர்வீரர்கள் நினைவுப்பொருளாக அறுத்து எடுத்துப்போன தகடுகளில் இருந்தும் அளந்து பார்த்தவர்களுக்கும் அதே திசையில்தான் முடிவு வந்தது. அமெரிக்க அரசு நிற அட்டையில் எஃப்எஸ் 16350-க்குப் பக்கத்தில் வரும் மஞ்சள் பச்சைச் சாம்பல். இன்றைய கிட்களின் நிறமாற்றத்துக்கு மூலம் இதுதான்.

அப்படியானால் வெளிர் சாம்பல் என்று எழுதிய அதிகாரிகள் எல்லாம் கண்ணில்லாதவர்களா? இல்லை. வெயிலிலும் உப்புக்காற்றிலும் பெயின்டின் மேற்பரப்பு பொடிந்து வெளுத்துவிடும். தொட்டால் கையில் மாவு ஒட்டும். அந்த மாவுக்கு மேலே இருந்து பார்த்தவர்கள் வெளிர் சாம்பலைத்தான் பார்த்தார்கள். தகட்டை மெல்லத் தேய்த்தாலோ, ஒன்றன் மேல் ஒன்று ஏறிய தகடுகளைப் பிரித்துப் பார்த்தாலோ அடியில் பாகுநிறம் வருகிறது. இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. எண்ணெய் சேர்ந்த பூச்சுகள் வெளிச்சம் படாத இடத்தில் வருஷக்கணக்காகக் கிடந்தால் மஞ்சளாகும். எனவே மூடிக்கிடந்த பகுதியில் கிடைப்பது 1941-ன் அசல் நிறத்தைவிடச் சற்று அதிக மஞ்சளாக இருக்க வாய்ப்புண்டு. வெளியே இருந்தது வெளுத்து ஒரு பக்கம் போயிற்று, உள்ளே இருந்தது மஞ்சளித்து மறுபக்கம் போயிற்று. அசல் நடுவில் எங்கோ நிற்கிறது. 0266 அறிக்கையின் மதிப்பு இங்கேதான்: பெயின்ட் புதிதாக இருந்த காலத்தில், அதை அன்றாடம் பார்த்தவர்கள் எழுதியது அது. அதனால்தான் ஏதாவது ஒரு டப்பாவைக் காட்டி இதுதான் சரியான நிறம் என்று யாராவது சத்தியம் செய்தால் நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கப்பலுக்குப் புதிதாக வந்த விமானம் என்றால் பாகுச் சாயலும் லேசான பளபளப்பும். நியூகினிப் பக்கத்து ஜப்பானியத் தளமான ரபவுலில் பல மாதம் வெயிலில் கிடந்தது என்றால் அதை வெளுத்து மங்கலாக்கிய நிறம். இரண்டுமே சரி, தேதி பொருந்தினால்.

புகைப்படத்துக்கு வருவோம். மாடல் செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஆனால் இந்தச் சாட்சிக்குச் சில நிறங்கள் கண்ணுக்கே தெரியாது. அன்றைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் ஆர்த்தோகுரோமாடிக் என்று ஒரு வகை உண்டு. அது சிவப்பை உணராது. சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும், மஞ்சளும் எதிர்பார்ப்பதைவிட இருண்டு விழும். நீலமோ வெளுத்துப் போகும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாடிக் ஃபிலிமில் இந்தக் கணக்கு மாறும். 1942-ன் பிற்பகுதியில் இருந்து இறக்கை முன்விளிம்பின் உள்பாதியில் மஞ்சள் பட்டை போட ஆரம்பித்தார்கள். தம் ஆட்களே சுட்டுவிடாமல் இருக்க. முதல் வகை ஃபிலிமில் எடுத்த படத்தில் அந்தப் பட்டை பக்கத்துப் பச்சையோடு கலந்து காணாமல் போய்விடும். படத்தில் தெரியவில்லை என்பதற்காக விமானத்தில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

ஒரு படம் எந்த ஃபிலிம் என்று கண்டுபிடிக்க எளிய வழி ஹினோமாருவைப் பார்ப்பது. அதன் சிவப்பு நமக்குத் தெரிந்த நிறம். அது என்ஜின் மூடியின் கறுப்புக்குச் சமமாகத் தெரிந்தால் ஃபிலிம் சிவப்பை விழுங்கியிருக்கிறது, மற்ற நிறங்களையும் அதற்கேற்பத் திருத்திப் படிக்க வேண்டும். வட்டம் நடுத்தரச் சாம்பலாகத் தெரிந்தால் ஃபிலிம் ஓரளவு நியாயமாகப் பார்த்திருக்கிறது. நிறமூட்டிய பழைய படங்களைக் கணினியில் செய்து போடுகிறார்களே, அவற்றை நிறத்துக்கு ஆதாரமாக எடுக்கவே வேண்டாம். அதில் இருப்பது நிறம் போட்டவரின் ஊகம்தான்.

நீலமும் வெள்ளையும் ஒன்றாகத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வால் குறியீட்டைப் பார்த்தால் புரியும். போர் தொடங்கியபோது கடற்படையின் ஆறு பெரிய விமானந்தாங்கிகள் மூன்று அணிகளாக இருந்தன. ஒவ்வொரு அணிக்கும் ஓர் ஆங்கில எழுத்து, அதற்குள் கப்பலுக்கு ரோமன் எண், உடலில் அணியின் நிறத்தில் ஒன்றோ இரண்டோ பட்டை. அகாகிக்கு ஏஐ, ஒரு சிவப்புப் பட்டை. காகாவுக்கு ஏஐஐ, இரண்டு சிவப்பு. சோர்யு பிஐ, ஒரு நீலம். ஹிர்யு பிஐஐ, இரண்டு நீலம். ஷோகாகு இஐ, ஒரு வெள்ளை. ஜுய்காகு இஐஐ, இரண்டு வெள்ளை. கோடுக்குப் பிறகு வரும் எண்ணில் நூறுகள் போர்விமானம், இருநூறுகள் டைவ் பாம்பர் (மேலிருந்து பாய்ந்து குண்டு போடுவது), முந்நூறுகள் டார்பிடோ விமானம். இப்போது ஒரு படத்தில் வெளிறிய பட்டை இரண்டு தெரிகிறது, வால் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஹிர்யுவா, ஜுய்காகுவா? ஹினோமாருவையும் மற்ற பகுதிகளையும் ஒப்பிட்டு ஃபிலிமைக் கணிக்காமல் சொல்ல முடியாது. பட்டையின் எண்ணிக்கை நிச்சயம், நிறம் நிச்சயமில்லை.

இந்த முறைக்கு நல்ல சோதனை தரையில் விழுந்து கையில் கிடைத்த விமானங்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதலில் காமேஹமேஹா கோட்டையில் மோதி விழுந்த ஹிரானோ தகாஷியின் ஜீரோ ஏஐ-154. குறியீட்டின்படி அகாகியின் போர்விமானம்; நிஜத்திலும் அதுவேதான். நீஹாவ் தீவில் இறங்கிய நிஷிகாய்ச்சி ஷிகெனோரியின் விமானம் பிஐஐ-120, ஹிர்யுவைச் சேர்ந்தது. அதன் எரிந்த மிச்சம் இன்று பேர்ல் துறைமுக விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே இடத்தில் முழு ஜீரோ ஒன்றும் பிஐஐ-120 என்ற எண்ணோடு நிற்கிறது; அது வேறொரு விமானம், அந்த எண்ணைப் பிற்பாடு எழுதினார்கள். அருங்காட்சியகத்தில் எடுத்த படத்தை வைத்து மாடலுக்கு நிறம் முடிவு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அங்கே பூச்சு பெரும்பாலும் மறுபடி அடித்தது. பாகங்களின் வடிவத்துக்கு நம்பலாம், நிறத்துக்கு விசாரித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

அலூஷியன் தீவுகளில் 1942 ஜூன் 4 அன்று சதுப்பில் இறங்கிக் கவிழ்ந்த கோகா தடாயோஷியின் ஜீரோவும் இப்படித்தான். ர்யூஜோ கப்பலின் டிஐ-108, தயாரிப்பு எண் 4593, மிட்சுபிஷி அதே வருஷம் பிப்ரவரியில் முடித்த விமானம். அகுட்டான் தீவின் சேற்றில் தலைகீழாகக் கிடந்தபோது எடுத்த படங்கள் பொக்கிஷம். சான் டியேகோவில் சரிசெய்து பறக்கவிட்ட பிறகு எடுத்த அழகான படங்கள் நிறத்துக்கு ஒன்றுக்கும் உதவாது. அதற்குள் அமெரிக்கப் பூச்சும் நட்சத்திரமும் ஏறிவிட்டன. பிரபலமான விமானம், தெளிவான படம் என்ற இரண்டு காரணத்துக்காகவே இந்தப் பிந்தைய படங்களைப் பார்த்துப் பலர் நிறம் சொல்லியிருக்கிறார்கள்.

தயாரிப்பு எண் எங்கே கிடைக்கும்? கடற்படை விமானங்களின் உடலின் பின்பகுதியில், இடதுபுறம், சின்ன ஸ்டென்சில் கட்டம் ஒன்று இருக்கும். விமான ரகம், தயாரிப்பு எண், செய்து முடித்த தேதி, சேர்ந்த பிரிவு என்று வரிகள். 1/48 அளவு மாடலில் அது ஒரு அரிசியளவு டீகால், அதாவது ஒட்டுப்படம்தான். ஆனால் ஆய்வுக்கு ஜாதகம் மாதிரி முக்கியம். நேசநாட்டு உளவுப்பிரிவுகள் விழுந்த விமானங்களின் என்ஜின் தகடு, பாகத் தகடு எல்லாவற்றையும் தேடித்தேடி எழுதியது மாடல்காரர்களுக்காக அல்ல. எந்தத் தொழிற்சாலை மாதத்துக்கு எத்தனை விமானம் தள்ளுகிறது என்று கணக்குப் போடத்தான். பிரிஸ்பேன் ஈகிள் ஃபார்மின் 7-ஆம் கொட்டகையில் நியூகினியின் புனாவில் இருந்து கொண்டுவந்த சிதைவுகளைச் சேர்த்து ஒரு ஜீரோவையே பறக்கவிட்டார்கள். அந்தக் கணக்கு வேலையின் மிச்சம்தான் இன்று, இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் வந்த விமானங்களில் வெள்ளை வளையம் உண்டா இல்லையா என்று சொல்ல உதவுகிறது.

நன்கொடை விமானங்களும் தேதி சொல்லும். ஊர்க்காரர்கள், சங்கங்கள், கம்பெனிகள் பணம் திரட்டிக் கொடுத்த விமானத்தின் உடலில் கடற்படை ஹோகோகு என்றும் ராணுவம் ஐகோகு என்றும் எழுதி, ஒரு வரிசை எண்ணும் கொடுத்தவர் பெயரும் போட்டன. ஒப்படைப்பு விழாவின் தேதி பத்திரிகையில் வந்திருக்கும். புனாவில் கிடைத்த ஜீரோக்களில்கூட இத்தகைய எழுத்து உண்டு.

இனி விமானிகள். இங்கேதான் டீகால் கம்பெனிகள் நம்மை ஆசைகாட்டி இழுக்கும். பெரிய பெயர், அவருடைய விமானம், அவருடைய எண் என்று தாள் அச்சடித்துவிடுவார்கள். ஜப்பானியக் கடற்படையில் விமானிக்கென்று சொந்தமாக ஒரு விமானம் ஒதுக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. அன்று எது பறக்கும் நிலையில் இருந்ததோ அதில் ஏறினார்கள். நடவடிக்கை அறிக்கைகளில் யார் யார் எந்த வரிசையில் பறந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு தோட்டா செலவானது, யார் திரும்பவில்லை என்றெல்லாம் இருக்கும். வால் எண் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அதனால் விமானியில் இருந்து தொடங்கினால் கதை பாதியில் அறுந்துவிடும், மீதியைக் கற்பனைதான் நிரப்பும்.

புகழ்பெற்ற போர்விமானி நிஷிசாவா ஹிரோயோஷியின் விமானம் என்று சொல்லப்படும் யுஐ-105 இதற்கு நல்ல உதாரணம். 1943 மே மாதம் ரபவுலுக்குத் திரும்பி வந்த 251-ஆம் விமானப்பிரிவின் ஏ6எம்3 ரக ஜீரோ. பறக்கும்போது எடுத்த அருமையான படம். உலகத்தில் அதிகமாக மாடல் செய்யப்பட்ட ஜீரோக்களில் ஒன்று. படத்தில் உறுதியாகத் தெரிவது என்ன? சாம்பல் விமானத்தின் மேல் களத்தில் கையால் அடித்த பச்சை, சீரில்லாமல். பழைய பூச்சு சில இடங்களில் எட்டிப்பார்க்கிறது. வால் எண்ணைச் சுற்றிப் பச்சை அடித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் நிஷிசாவா என்பது படக்குறிப்பு சொல்வது. அவருடைய பெயரோ தனிச்சின்னமோ விமானத்தில் எங்கும் இல்லை. ஆகவே அந்தப் பச்சைத் திட்டுகளைப் படம் பார்த்துச் செய்வது ஆதாரமுள்ள வேலை. அவர் எப்போதும் இதையே ஓட்டினார் என்பது ஆதாரமில்லாத கதை. மாடலின் பீடத்தில் "251-ஆம் பிரிவு, யுஐ-105, 1943" என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

விதிவிலக்கு உண்டு. தனிமிசு தாகியோ 203-ஆம் பிரிவில் 03-09 எண் ஜீரோவின் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படத்தில் வெற்றிக் குறிகளாக அம்பு தைத்த நட்சத்திரங்கள் வரைந்திருக்கின்றன. விமானி, எண், குறி மூன்றும் ஒரே சட்டகத்தில். இப்படி ஒரு படம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ஆனால் இதைக் காட்டி மற்ற எல்லா ஜீரோவிலும் குறி போடுவது சரியில்லை.

ராணுவ விமானங்கள் தனி உலகம், இங்கே விரிவாகப் போகவில்லை. அங்கே படைப்பிரிவின் சின்னம் வாலில் பெரிதாக இருக்கும், அதன் நிறம் எந்தக் குழு என்று சொல்லும். 64-ஆம் பிரிவின் அம்பை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பார்கள். போரின் தொடக்கத்தில் ராணுவப் போர்விமானங்களின் உடலில் ஹினோமாரு கிடையாது, இறக்கையில் மட்டும்தான். 1941 டிசம்பர் மலாயாவில் பறந்த கி-43 என்ற ராணுவப் போர்விமானத்துக்கு உடலில் சிவப்பு வட்டம் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

நம் பக்கத்துக் கடலில் நடந்த ஒன்றை வைத்து இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கலாம். 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பையும், 9-ஆம் தேதி திருகோணமலையையும் அட்மிரல் நாகுமோவின் விமானந்தாங்கிகள் தாக்கின. ஐச்சி டி3ஏ டைவ் பாம்பர் ஒன்றை இந்தத் தாக்குதலுக்காகச் செய்ய வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார். முதலில் கழிக்க வேண்டியது காகாவை. பலாவ் பக்கம் பாறையில் உரசிய அந்தக் கப்பல் பழுதுபார்க்க ஜப்பானுக்குப் போய்விட்டது. ஆகவே ஏஐஐ எழுத்தும் இரண்டு சிவப்புப் பட்டையும் இந்தியப் பெருங்கடலில் வர வழியில்லை. கிட்டோடு வந்த டீகால் தாளில் காகா விமானம்தான் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதெல்லாம் காரணமாகாது.

அடுத்து, எந்த இடம்? 5-ஆம் தேதி காலையில் கொழும்பின் மேல் வந்த 38 டைவ் பாம்பர்களும் ஷோகாகு, ஜுய்காகு கப்பல்களில் இருந்து வந்தவை. அதாவது இஐ அல்லது இஐஐ, வெள்ளைப் பட்டை. அதே நாள் பிற்பகலில் தெற்கே கடலில் கார்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்களை எகுசா தகாஷிகே தலைமையில் போய் மூழ்கடித்த 53 விமானங்கள் அகாகி, சோர்யு, ஹிர்யுவைச் சேர்ந்தவை. அங்கே சிவப்போ நீலமோதான் வரும், வெள்ளை வராது. ஒரே ரகம், ஒரே நாள், சில மணி நேர இடைவெளி. பட்டையின் நிறம் முழுக்க வேறு. 9-ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியை நோக்கி அனுப்பிய 85 டைவ் பாம்பர்களில் ஐந்து கப்பல்களின் விமானங்களும் இருந்தன. அங்கே தேர்வு அகலம்.

இந்த அறிக்கைகளைப் படிக்கும்போது நேரத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஜப்பானியக் கடற்படை உலகத்தில் எங்கே இருந்தாலும் டோக்கியோ நேரத்தில்தான் எழுதியது. பேர்ல் துறைமுகம் அவர்களுக்கு டிசம்பர் 8 ஆனது இதனால்தான். கொழும்பில் காலையில் நடந்தது அவர்கள் ஏட்டில் சில மணி நேரம் தள்ளி வரும். இரண்டு நாட்டு நேரத்தையும் ஒப்பிடாமல், அறிக்கையில் இருக்கும் தாக்குதலும் இலங்கையில் பதிவானதும் வேறு வேறு என்று நினைத்துக் குழம்பியவர்கள் உண்டு.

நிறம்? டி3ஏக்கும் அதே பாகுச் சாயல் சாம்பல், நீலக்கறுப்பு என்ஜின் மூடி. கரும்பச்சை மேல்பூச்சு கப்பலின் டைவ் பாம்பர்களுக்கு இன்னும் பொதுவாகவில்லை. இறக்கை முன்விளிம்பு மஞ்சள் வர மாதங்கள் இருக்கின்றன, கிட்டில் டீகால் கொடுத்திருந்தாலும் ஒட்ட வேண்டாம். பேர்ல் துறைமுகத்தில் இருந்து நான்கு மாதமாகப் போரில் இருந்த கப்பல்கள். எனவே பளபளப்பைக் குறைத்து, மேல்பக்கத்தைச் சற்று வெளுக்கவிடலாம்.

மிச்சம் இருப்பது வாலில் அந்தக் கடைசி இரண்டு இலக்கம். இருநூறுகளில் ஏதோ ஒன்று என்பது நிச்சயம். அந்த நாளில் அந்த இடத்தில் பறந்தது இந்த எண்தான் என்று அறிக்கைகளைக் கொண்டு நிரூபிக்க முடியாது. அதே கப்பலின் டைவ் பாம்பர் ஒன்று போரின் முதல் மாதங்களில் படமெடுக்கப்பட்டு எண் தெளிவாகத் தெரிந்தால், அந்த எண்ணை எடுத்துக்கொள்வது நியாயமான வழி. பீடத்தில் எழுதும்போது "ஷோகாகு, இந்தியப் பெருங்கடல், ஏப்ரல் 1942" என்று கப்பலோடு நிறுத்திக்கொள்ளலாம். விமானி பெயர் வேண்டாம்.